குளவி மலையில் நீ போர்த்திய கம்பளி

கங்காணியாரே,

உன் கறுப்புக் கம்பளியை லயத்து வாசலில் காயப்போட்டிருக்கிறாள் என் மனைவி. நனைந்த கம்பளிக்கு ஓர் ஆட்டு நாற்றம் உண்டே, அது மூக்கில் ஏறியதுமே எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இதை எரிக்கப் போகிறேன் என்று எத்தனையாவது தடவையாகவோ கத்தினேன். "தொட்டுப் பாருங்க, இன்னிக்கு சோறு கெடையாது" என்கிறாள். லுணுகலையிலிருந்து பதுளை வரைக்கும் என்னைக் கண்டு பயப்படாத ஆளே கிடையாது, இவளைத் தவிர.

நாம் ஒரே லயத்து வரிசை வீடுகளில் சுவருக்குச் சுவர் வளர்ந்தவர்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றேன். போகாதே என்று பள்ளிக்கூடமே அழுதது. நீ எட்டுவரை படித்தாய், தேயிலைத் தோட்டத்தில் ஆள் மேய்க்கும் கங்காணி ஆனாய். ஆனதும் உன் வாயில் தோட்டத்துத் துரையின் நாக்கு முளைத்துவிட்டது.

குளவி கொட்டிய அன்று காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, என் மனைவிதான் சொன்னாள்: "கங்காணி ஐயா, மேல்மலை மரத்துல குளவிக்கூடு தொங்குது. எடுத்துட்டு அனுப்புங்க."

நீ என்ன சொன்னாய்? "குளவிக்குப் பயந்தா கொழுந்து தானா நடந்து வருமா? ஏறுங்கடி!"

நானும் அங்கேதான் நின்றேன். வெறுங்கையால் சிறுத்தையை அடித்தவன் நான். சரி, காட்டுப்பூனை. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

வெயில் ஏறியதும் கூடு கலைந்தது. பெண்கள் கூடையோடு உருண்டு இறங்கினார்கள். இவள் மட்டும் தேயிலைக்குள் விழுந்து கிடந்தாள். நீ மேலே ஓடினாய். தோளில் கிடந்த கம்பளியை அவள்மேல் போர்த்தி, அதன்மேல் நீயே கவிழ்ந்துகொண்டாய். ஆயிரம் குளவி என்று ஊரில் சொல்கிறேன், யார் எண்ணினார்கள்? இருவரையும் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் மட்டும் உன் கம்பளியோடு திரும்பி வந்தாள்.

அதற்காக உன்னைக் கும்பிடுவேன் என்று நினைக்காதே. காப்பாற்றினாயாம்! மலைக்கு ஏற்றிவிட்டவனும் நீதானே? துரை வந்து மாலை போட்டார், விசுவாசமான ஆள் என்றார். கூட்டைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

முந்தாநாள் அதே மரத்தில் மறுபடி கூடு. புதுக் கங்காணி உன் பேச்சையே பேசினான். கொட்டும் மழையில் உன் கம்பளியைப் போட்டுக்கொண்டு பாதையை மறித்து நின்றேன். "கூட்ட எடுக்காம ஒரு பொம்பளையும் ஏறமாட்டா!"

துரையே வந்து பார்த்து நடுநடுங்கிப் போனார் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். செத்தவனிடம் பொய் எதற்கு? நடுங்கியது என் கால்தான். ஆனால் ஒருத்தியும் ஏறவில்லை. நேற்றுக் கூட்டை எரித்தார்கள்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. கம்பளி காயட்டும். நாளைக்கும் பெரட்டு இருக்கிறது.