கொட்டகையில் இருக்கும் டிரம்ஸ்

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில் மூன்றாம் நாள். காலை ஐந்தேமுக்காலுக்கே முதுகில் வேர்வை. காற்று அசையவில்லை.

இந்த வாரம் எழுத வேண்டியவை, வரிசைப்படி:

1. ராக் இசைக்காரர்களின் வாழ்க்கைக் கதைகள். இதுவரை கேட்டு முடித்தவை ஆறு.
2. ஆறிலும் அப்பா கெட்டவர்.
3. நான் அந்த வகை அப்பா இல்லை. எதையும் உடைக்கவில்லை.
4. கொட்டகை. (அவசியமானால் மட்டும்.)

நடை: உப்பள வரப்பில் நாற்பது நிமிடம். காதில் ஏழாவது ஒலிப்புத்தகம் (இனி பு.7). பாடகர், இங்கிலாந்தில் ஏதோ சுரங்க ஊர். வேகத்தை 0.8-இல் வைத்தால்தான் உச்சரிப்பு எனக்குப் பிடிபடுகிறது. குடித்துவிட்டுப் பேசுபவர்போல் ஒலிக்கிறார். அது நான் வைத்த வேகம், அவர் குற்றமில்லை.

எங்கள் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் அஞ்சலை உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

“இன்னா சார், காலங்காத்தால வொயர மாட்டிக்கினு. சாமி பாட்டா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த நேரம் பாடகர் ஓட்டல் சோபாவை நீச்சல் குளத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

கயல் போன வருடம் கம்ப்யூட்டர் வேலையை விட்டாள். இனி டிரம்ஸ் வாசிப்பதுதான் வேலை என்றாள். “சரிம்மா” என்றேன். முப்பத்திரண்டு வயது மகளிடம் அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் இந்தப் புத்தகங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறார்களா. காது கெட்டுப்போகுமா. வயதான பிறகு யார் பார்த்துக்கொள்கிறார்கள்.

மாத்திரை வாங்க வேண்டும் (பி.பி.).

மே 7, புதன்

மதியம் 12.10. கயல் போன்.

“அப்பா, சனிக்கிழம பாண்டில புரோகிராம். ஞாயித்துக்கிழம காலைல அங்க வர்றேன். என் பழைய டிரம்ஸ் வேணும்.”

“பழசு எதுக்கும்மா? புதுசு இருக்குதே.”

“ரெக்கார்டிங்குக்கு. ஆறு பாட்டு. அந்த சின்ன டிரம்மோட சத்தம் புதுசுல வரவே இல்லப்பா. எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிட்டேன். மாடி ரூம்லதானே இருக்கு?”

“ம்.”

ஓர் எழுத்துதான் சொன்னேன்.

மாடி அறையில் உள்ளவை: மெத்தை 2, பழைய கிரைண்டர், மனைவி வசந்தாவின் தையல் மெஷின். டிரம்ஸ் இல்லை. அது உப்புக் கொட்டகையில், மூட்டைகளுக்குப் பின்னால். மூன்று மழைக்காலம் ஆயிற்று. வானூர்ப் பக்கமிருந்து கயலைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றபோது, ஹாலில் அது நின்றால் என்ன நினைப்பார்களோ என்று நான்தான் நகர்த்தினேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. கயல் சென்னையிலிருந்தே வேண்டாம் என்றுவிட்டாள். டிரம்ஸ் திரும்பி வரவில்லை.

சாயங்காலம் பு.7 கேட்க உட்கார்ந்தேன். இரண்டு முறை எழுந்து கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். பூட்டியிருந்தது.

மே 8, வியாழன்

கொட்டகைக்குப் போகவில்லை. வெயில் காரணம். (உண்மையில் காலையில் மேகமூட்டம்.)

நோட்டில் வைத்திருக்கும் அட்டவணையைச் சரிபார்த்தேன். அப்பாவின் தொழில், அவர் உடைத்தது, பிள்ளை வீட்டை விட்டுப்போன வயது, பிறகு பேசினார்களா. பு.2: தச்சர், கிட்டாரை அடுப்பில் வைத்தார், பதினேழு, பேசவில்லை. பு.4: பாதிரியார், இசைத்தட்டுகள் எல்லாம், பத்தொன்பது, ஆஸ்பத்திரியில் பேசினார்கள். பு.5-இன் டிரம்மர் தலையணையில் அடித்துப் பழகியிருக்கிறார். அப்பா தலையணையைக் கிழித்தாராம். பஞ்சு ஒரு வாரம் வீட்டில் பறந்தது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் கை ஓங்கியதில்லை. குரல் உயர்த்தியதுகூட இல்லை. ஆகவே பட்டியலில் 3 சரி என்றே நினைக்கிறேன்.

வசந்தா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“ஏங்க, அந்தக் கொட்டாய்ல போயி பாத்தீங்களா?”

“நாளைக்கு.”

“மாடிக்கு ஏத்துங்கன்னுதான அப்ப நான் சொன்னேன். படி ஏற மூச்சு வாங்குதுன்னீங்க. கொட்டாய் வரிக்கும் மட்டும் மூச்சு வாங்கலயா?”

கொட்டகை முக்கால் கிலோமீட்டர்.

மே 9, வெள்ளி

போனேன். காலை 6.20.

மேலே போர்த்திய தார்ப்பாய் அப்படியே இருந்தது. உள்ளே:

பெரிய டிரம்: வளையம் துருப்பிடித்துப் பொருக்காக உதிர்கிறது.
தாளத் தட்டுகள்: பச்சை.
ஸ்டாண்டுகள்: மூன்று. மடக்க வரவில்லை. ஒன்று கையோடு வந்துவிட்டது.
சின்ன டிரம்: மேல்தோல் நன்றாக இருக்கிறது. அடியில் இருக்கும் கம்பிச் சுருள் இல்லை. அந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தூள்.

அந்தக் கம்பிதான் சத்தம். பு.5-இல் ஒரு முழு அத்தியாயம் அதைப் பற்றி வருகிறது.

அஞ்சலை பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“நான் அன்னிக்கே சொன்னேன்ல சார். மம்மட்டியவே சாயங்காலம் ஊட்டுக்கு எடுத்துனு போயி, நல்ல தண்ணில கழுவி எண்ண தடவி வெக்கிறோம். இங்க போயி இத்தன இரும்ப வெக்கிறியேன்னு கேட்டேன். இருக்கட்டும்னு சொன்ன.”

“சொன்னியா?”

“தோ பாரு. மறந்துட்டாராம். உப்ப டெஸ்ட் பண்றதுக்கே சம்பளம் வாங்குன ஆளு.”

முப்பத்தோரு வருடம் ஆய்வகத்தில் உப்பின் தரம் பார்த்தேன். தராசுத் தட்டில் ஒரு பொட்டுத் துரு வராமல் காத்தேன்.

மறக்கவில்லை. அவள் சொன்னது, அப்போது கையில் கூடை வைத்திருந்தது, எல்லாம் நினைவிருக்கிறது.

இன்று புத்தகம் எதுவும் கேட்கவில்லை.

மே 10, சனி

வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வசந்தா, “உக்காருங்க, தல சுத்துது எனக்கு” என்றாள்.

நாளை சொல்வதற்கு எழுதிப் பார்த்தவை:
அ) ஈரம் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை.
ஆ) அம்மாதான் ஹாலைக் காலி பண்ணச் சொன்னாள்.
இ) புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.
ஆ-வை அடித்துவிட்டேன்.

பாண்டி புரோகிராமுக்குப் போகலாமா என்றாள் வசந்தா. கூட்டமாக இருக்கும் என்றேன். கோட்டக்குப்பம் வழியாகப் போனால் அரை மணி நேரம்தான். போகவில்லை.

மே 11, ஞாயிறு

8.40-க்கு வந்தாள். கை விரல்களில் வெள்ளை டேப். மெலிந்திருக்கிறாள். இட்லி நான்கு சாப்பிட்டாள். எண்ணினேன்.

நேராக மாடிக்கு ஏறப் போனவளை, “கயலு, அங்க இல்லம்மா” என்று நிறுத்தினேன். கொட்டகைக்கு நடந்தோம். வழியில் புரோகிராம் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. கொட்டகை தெரிந்ததும் பேச்சு நின்றது. அவளும் இந்த ஊரில் வளர்ந்தவள்.

தார்ப்பாயை அவளே விலக்கினாள். குந்தி உட்கார்ந்து சின்ன டிரம்மைத் திருப்பினாள். திருகாணி ஒன்றை விரலால் தொட்டாள். உடைந்து வந்தது.

“யாருப்பா இங்க வெச்சது?”

“நான்தான்.”

“தெரியாமயா?”

நேற்று எழுதிய அ) தயாராக இருந்தது.

“தெரிஞ்சுதான்மா. இது இல்லன்னா நீ கல்யாணத்துக்கு ஒத்துப்பேன்னு நெனச்சேன்.”

வெளியே அஞ்சலை உப்பு வாரும் சத்தம் கொஞ்ச நேரம் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது. கயல் டிரம்மின் தோலில் ஒரு விரலால் தட்டினாள். பிஸ்கட் டின் சத்தம். இன்னொரு முறை தட்டவில்லை.

“டிரம்ஸ் வேணாம்னு நீங்க கத்தியிருந்தா, அன்னிக்கே தூக்கினு போயிருப்பேன்ப்பா.”

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. உடைந்த திருகாணியை ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். மதியம் சாப்பிடாமல் 11.30 பஸ். வசந்தா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். ஏறும்போது “மாத்திர போட்டீங்களா?” என்று கேட்டாள். போட்டேன் என்றேன். போடவில்லை.

இப்போது மாலை நான்கு. அட்டவணையில் எட்டாவது வரி போட்டேன். தொழில்: உப்பு ஆய்வு. அடுத்த கட்டம், உடைத்தது. அங்கே பேனா நின்றது.

செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் மூன்றாவது வரி தவறு. உடைத்தேன். மூன்று மழைக்காலம் பிடித்தது, அவ்வளவுதான்.