அரண்மனைக் கதவுக்குப் பின்னால்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. அம்மாவும் தம்பியும் சுகம். உங்கள் காது எப்படி இருக்கிறது? கப்பலில் இன்ஜின் அறைக்குள் போகும்போது பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

போன கடிதத்தில் நாடகத்தைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டிருந்தீர்கள். கடைசியில், வாயே திறக்காத பிள்ளைக்கு அங்கே என்ன வேலை, பேசாமல் அத்தையின் சலவைக்கடைக்கே திரும்பிப் போ என்றும் எழுதியிருந்தீர்கள். முதலில் கேள்விகளுக்குப் பதில். பள்ளிக்கூடத்தில் சொல்லாமல் விழுங்கிய பதில்களுக்கும் சேர்த்து.

இது பழங்காலத்து மேல்நாட்டு நாடகம். காட்சிக்குக் காட்சி இடம் மாறாது. ஓர் அரண்மனை வாசல், ஒரு பெரிய கதவு, ஒரே பகல். மூன்றே பேர் முகமூடியை மாற்றி மாற்றி எல்லா வேஷமும் கட்டுவார்கள். ஓரமாக ஒரு கூட்டம் நின்று ஒரே குரலில் பேசும். அது ஊர் ஜனம். நம் தெருக்காரர்கள் மாதிரி எல்லாம் தெரியும், எதையும் தடுக்க மாட்டார்கள்.

கொலையைக் காட்டாமல் என்ன நாடகம் என்று கேட்டீர்களே, சாவு எப்போதும் கதவுக்குப் பின்னால்தான். உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்கும். பிறகு தூதன் வந்து நடந்ததைச் சொல்வான்.

இப்போது என் சங்கதி. குழுவில் உடை தைத்து மாட்டிவிடுவது என் வேலை. அங்கே இளவரசியாக நடிக்கும் அக்காதான் தூதனும். இளவரசி சாகிற நேரத்தில் அக்காவின் தலை தூதனின் அங்கிக்குள் இருக்கும். அங்கியை இழுத்துவிடுவது நான். அதனால் அலறலையும் நீயே போட்டுவிடு என்றார் எங்கள் குழுவை நடத்தும் வாத்தியார். ஒத்திகையில் என் 'ஐயோ'வைக் கேட்டுவிட்டு, இளவரசி சாகிறாளா, கொட்டாவி விடுகிறாளா என்றார். முதல் நாள் சரியாக வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டார். அக்கா மட்டும், யாரையாவது கூப்பிடுற மாதிரி நினைச்சுக்கோடி என்றாள்.

நேற்று முதல் காட்சி. அரங்கு நிறைந்திருந்தது. அவசரத்தில் அங்கியை முன்பின்னாக மாட்டிவிட்டேன். அக்கா அங்கிக்குள்ளேயிருந்து திட்டுகிறாள். அலறவேண்டிய நேரம் வந்துவிட்டது. நீங்கள் கப்பலேறிய அன்று துறைமுகத்தில் நான் கூப்பிட்டது ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்ற தம்பிக்கே அது கேட்கவில்லை. வாயைத் திறந்தேன். 'ஐயோ' வரவில்லை. 'அப்பா!' என்று வந்தது.

கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே தூங்குகிற அரங்கக் காவலாளி, டார்ச்சோடு ஓடிவந்து மேடையேறி, பாப்பா, என்னாச்சு, கதவைத் திற என்று இடித்தார். ஊர் ஜனமாக நின்றவர்கள் சமாளித்துக்கொண்டு, ஒரே குரலில், பொறு ஐயா, தூதன் வருவான் என்று அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தார்கள்.

முடிந்ததும் அக்கா என்னைக் கதவுக்கு வெளியே இழுத்து நிறுத்தினாள். சட்டையில் ஊசியும் நூலுமாக நின்றேன். எழுந்து நின்று கை தட்டினார்கள் அப்பா! எனக்கு! இனி 'அப்பா'வே இருக்கட்டும் என்றுவிட்டார் வாத்தியார். காவலாளிதான், என் மானத்தை வாங்கிட்டியே என்று முறைக்கிறார்.

அத்தையிடம் நான் வரவில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். போனில் எப்போதும், சத்தமாப் பேசும்மா, ஒண்ணும் கேக்கல என்பீர்கள். அடுத்த விடுமுறைக்கு அரங்குக்கு வாருங்கள். முன்வரிசை வேண்டாம். கடைசி வரிசையில், காவலாளிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். காதிலிருந்து பஞ்சைக்கூட எடுக்க வேண்டாம்.

கேட்கும்.

இப்படிக்கு,
உங்களைக் கூப்பிட்ட மகள்