பேசுவார் என்று எழுதியதற்கு

செப்டம்பர் 9

நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று கொழும்பின் இந்த வெள்ளவத்தையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வாயைத் திறந்தால் போதும். இன்று காலி வீதிப் பழக்கடையில் "கொய்யா இருக்குங்களா" என்றேன். கடைக்காரர் நிமிர்ந்தார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவும் திரும்பினார். "இந்தியாவோ?" நான் கேட்டது தமிழில்தானே? திண்டுக்கல்லில் தமிழய்யா என் கட்டுரையைத்தான் வகுப்பில் வாசித்துக் காட்டுவார். இங்கே அது டிவி நாடகத் தமிழாம். ரூபிகா தன் தோழிகளிடம் அப்படித்தான் என்னை அறிமுகப்படுத்துகிறாள். "இவள் நிறைமதி. நாடகத்தில கதைக்கிற மாதிரிக் கதைப்பாள், கேட்டுப் பாருங்கோ." எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செப்டம்பர் 11

மாணவர் பரிமாற்றத்தில் மூன்று மாதம் என்று வந்ததில் பத்து நாள் முடிந்தது. ரூபிகாவும் நானும் ஒரே வகுப்பு. அவளுடைய வீட்டில்தான் இருக்கிறேன். ஜனவரியில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் பள்ளியில் படிப்பாள். அதற்கு இப்போதே பெட்டி வாங்கி, அதில் இரண்டு சுடிதாரும் மடித்து வைத்துவிட்டாள். என்னைக் கேலி செய்யாத நேரத்தில் எல்லாம் திண்டுக்கல்லைப் பற்றித்தான் கேட்கிறாள்.

அவளுடைய அம்மா நாகேஸ்வரி ஆன்ட்டிக்குப் புதிதாக இரண்டு காது கிடைத்த சந்தோஷம். தேங்காய் துருவும்போது கனடாத் தங்கச்சியின் வீட்டுப் படிக்கட்டைப் பற்றி அரைமணி நேரம் சொன்னார். துணி காயப்போடும்போது மேல்மாடிக்காரரின் தண்ணீர்த் தொட்டி. நான் வந்த புதிதில் அழுதபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஊரில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய் விழுந்ததை எல்லாம் சொல்லித் தூங்க வைத்தார். ரூபிகாவின் அப்பா வரதராசா அங்கிள் நேர் எதிர். 'ம்' என்பார், பேப்பரைத் திருப்புவார்.

செப்டம்பர் 15

ஹெவ்லொக் டவுனில் உள்ள பரிமாற்றத் திட்ட அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. தங்கியிருக்கும் வீட்டாரைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம் என்றிருந்தது. எழுதியதை இங்கேயும் படி எடுத்து வைக்கிறேன்:

"ஆன்ட்டி காலையில் எழுந்ததிலிருந்து பேசுவார். நான் சாப்பிடும்போதும் பேசுவார். அங்கிள் பேசவே மாட்டார். முதலில் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது."

நல்ல நாலு வரி. தமிழய்யா பார்த்தால் மெச்சுவார்.

செப்டம்பர் 17

திட்டப் பொறுப்பாளர் உஷாந்தி மிஸ் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். தனி அறை, கதவு சாத்தி, ஒரு கிளாஸ் தண்ணீர் வேறு. எனக்குப் புரியவில்லை.

"அன்ரி உமக்குப் பேசுறவவோ?"

"ஆமா மிஸ், நிறைய பேசுவாங்க."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்தான். தூங்கப் போகும்போதுகூட பக்கத்துல உட்கார்ந்து பேசுவாங்க."

மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்பிடாதையும் பிள்ளை. இனி நாங்கள் பாத்துக்கொள்ளுறம்." எதைப் பார்த்துக்கொள்வார்?

செப்டம்பர் 19

என்னை வீடு மாற்றிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், "உம்முடைய நன்மைக்குத்தான்." வேன் கீழே நின்றது. அரைமணி நேரத்தில் பெட்டி கட்டச் சொன்னார்கள். ரூபிகா அறையை விட்டு வெளியே வரவில்லை. ஆன்ட்டி என் துணிகளை மடித்துக் கொடுத்தார். இத்தனை நாள் 'வா, இரு, சாப்பிடு' என்றவர், படியிறங்கும்போது "கவனமாப் போங்கோ, உங்களுக்கு ஏதும் குறை வச்சிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். உங்களுக்காம். நான் என்ன, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரா? என்ன தப்பு செய்தேன் என்று யாராவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?

செப்டம்பர் 22

இப்போது கொட்டாஞ்சேனை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிறில் அங்கிள், அவர் மனைவி ஐறீன் ஆன்ட்டி. நல்லவர்கள். நல்லவர்களாக இருப்பதும் எரிச்சலாக இருக்கிறது. பள்ளிக்கு இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். "நங்கி, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கண்டக்டர் சிங்களத்தில் சொல்லிச் சொல்லி முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறார். முன்னால் போக இடம் எங்கே இருக்கிறது?

செப்டம்பர் 24

ரூபிகா இடம் மாறி உட்கார்ந்திருக்கிறாள். இடைவேளையில் மாடிப்படியில் மறித்தேன்.

"என்னதான்டி ஆச்சு?"

"நீ எழுதினதுதான் ஆச்சு. அம்மா உன்னைக் கொடுமைப்படுத்தினவவாம். எங்கட வீட்டைப் பட்டியலில இருந்து எடுத்துப்போட்டினம். ஜனவரிக்கு என்ர பேரும் இல்லை."

"நான் அப்படி எழுதவே இல்லையே."

"அலுவலகத்தால வந்து வாசிச்சுக் காட்டினவை. அம்மா ரெண்டு நாள் சாப்பிடேல்லை."

போய்விட்டாள். பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்து இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். அந்த நாலு வரியை நூறு தடவை படித்துவிட்டேன். எதில் இருக்கிறது கொடுமை? அங்கிள் பேச மாட்டார் என்றதிலா?

செப்டம்பர் 28, ஞாயிறு

தெரிந்துவிட்டது. இப்படியும் ஒரு கூத்து உண்டா!

ஐறீன் ஆன்ட்டி பூசைக்குப் போயிருந்தார். சிறில் அங்கிளுக்குச் சர்க்கரை வியாதி. அலமாரிக்குள் ஒளித்து வைத்த மஸ்கட் அல்வாத் துண்டை வாயில் போடும்போது நான் பார்த்துவிட்டேன்.

"ஐறீனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை. தெரிஞ்சா எனக்குப் பேசுவா."

"பேசினா நல்லதுதானே அங்கிள்?"

"பேச்சு வாங்கிறது நல்லதோ?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "ஏன் பிள்ளை, உங்கட ஊரில பேசுறதெண்டா என்ன?"

"பேசுறதுன்னா பேசுறது. இப்ப நாம பேசிட்டு இருக்கோமே, அது."

"இது கதைக்கிறது. பேசுறதெண்டா ஏசுறது. நீங்கள் திட்டுறது எண்டு சொல்லுவீங்களே, அது."

நாலு வரியையும் அந்த அர்த்தத்தில் ஒருமுறை படித்தேன். காலையில் எழுந்ததிலிருந்து திட்டுவார். நான் சாப்பிடும்போதும் திட்டுவார். இப்போது பழகிவிட்டது.  ஆன்ட்டிக்கு இதை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, "என்ன திட்டினார்? சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்டார்களா?

செப்டம்பர் 29

ஐறீன் ஆன்ட்டி கூட வந்தார். அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். உஷாந்தி மிஸ் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"பிள்ளையள் பயத்தில முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறது வழமைதான். ரூபிகா உம்மை வெருட்டினவவோ?"

"இல்ல மிஸ். வார்த்தைதான் வேற. எங்க ஊர்ல பேசுறதுன்னா கதைக்கிறது."

"எனக்கு இந்தியத் தமிழ் தெரியாதோ? நானும் நாடகம் பாக்கிற ஆள்தான்."

ஐறீன் ஆன்ட்டி சொன்னார்: "அப்ப தெரிஞ்சுகொண்டுதான் இப்பிடி எழுதி அனுப்பினீங்களோ மிஸ்?" மிஸ் கோப்பை மூடினார். அறிக்கை மேலே போய்விட்டதாம், இனித் தன் கையில் இல்லையாம். எனக்கு நன்றாகவே தெரிகிறது, மிஸ்ஸுக்கும் விளங்கிவிட்டது. விளங்கியதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பெரியவர்கள் தப்புச் செய்தால் அதற்கு 'நடைமுறை' என்று பெயர்.

அக்டோபர் 3

மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. என் முறைப்பாட்டுக்கு, அதாவது புகாருக்கு, இரண்டே கட்டங்கள். 'முறைப்பாடு உண்மை.' 'முறைப்பாடு பொய்.' ஒன்றில் அடையாளமிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். உண்மை என்றால் ரூபிகா போக முடியாது. பொய் என்றால் அவள் பெயரைத் திருப்பிச் சேர்ப்பார்கள், மூன்று மாதத்தை முடித்ததற்கான சான்றிதழ் எனக்கு இல்லை.

"தப்பா புரிஞ்சிக்கிட்டாங்கன்னு எழுத இடமே இல்லையே மிஸ்?"

"அப்பிடி ஒரு கட்டம் இல்லை பிள்ளை."

நான் பொய் சொல்லவில்லை. ஒரு வரி, ஒரு சொல் பொய் இல்லை. என் கையாலேயே நான் பொய்க்காரி என்று எழுதித் தர வேண்டுமா? மாட்டேன்.

அக்டோபர் 4

மாட்டேன்.

அக்டோபர் 6

அம்மா போனில்: "உன் மேல தப்பு இல்லன்னா எதுக்குடி கையெழுத்து? அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் வரட்டும்." அடுத்த வருடம் ரூபிகாவுக்குப் பெரிய பரீட்சை. அப்போது யார் விடுவார்கள்? அம்மா சொல்வது நியாயம். நானும் அதைத்தான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

அக்டோபர் 8

பள்ளியில் வேதியியல் ஆய்வுக்கூடம். ரூபிகாவும் நானும் ஒரே மேசையில் மாட்டிக்கொண்டோம். பத்து நிமிடம் அளவு பார்த்துக் குறித்தோம். பிறகு குழாயைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "திண்டுக்கல்லுக்கு எண்டு வாங்கின பெட்டியை மாமியின்ர மகளுக்குக் குடுத்தாச்சு." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். சும்மா, நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அக்டோபர் 9

இரண்டாவது கட்டத்தில் அடையாளமிட்டேன். கையெழுத்துப் போட்டேன். உஷாந்தி மிஸ் தாளை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பஸ்ஸில் அழுதேன், ஆத்திரத்தில்.

அக்டோபர் 11

மத்தியானம் வாசலில் முச்சக்கர வண்டி. நாகேஸ்வரி ஆன்ட்டி இறங்கினார். நேற்றே ஐறீன் ஆன்ட்டி போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். சிறில் அங்கிள் கதிரை போட்டும் உட்காரவில்லை.

"ஆர் உன்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னது? பொய்க்காரி எண்டு எழுதிக் குடுக்கிறதுக்கோ உன்ர அம்மா உன்னைக் கடல் தாண்டி அனுப்பினவ? விளங்காட்டி வந்து கேக்கத் தெரியாதோ? நான் என்ன செத்தா போனன்? ரூபிகா போகாட்டிப் போகட்டும். உனக்கு மூளை எண்டு ஒண்டு இருக்கோ?"

இருபது நிமிடம். ஐறீன் ஆன்ட்டி கொண்டுவந்த தேத்தண்ணி ஆறிப்போனது. இடையில் ஒருமுறை மூச்சு வாங்கியபோது, "நீங்களும் என்னைக் கேட்டிருக்கலாமே ஆன்ட்டி" என்றேன். எனக்கும் கோபம் இருக்காதா? அவர் சட்டென்று நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம். நானும் கேட்டிருக்க வேணும்."

வீட்டுக்கு வா என்றார்; வீடு மாறுவதற்கு இன்னொரு படிவம் நிரப்ப வேண்டும் என்றேன். "படிவமும் மண்ணாங்கட்டியும். பெட்டியை எடு."

ஜனவரி 19, திண்டுக்கல்

மற்ற ஊர்களுக்குப் போனவர்களின் சான்றிதழ்கள் தபாலில் வந்துவிட்டன. தலைமையாசிரியை மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"உன்னுது மட்டும் ஏன் வரல?"

"எனக்குக் கிடையாது மேடம். பொய்ப் புகார் கொடுத்ததா எழுதிக் கொடுத்திருக்கேன்."

"கொடுத்தியா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் எதுக்கு அப்படி எழுதிக் கொடுத்த?"

கதவுக்கு வெளியே ரூபிகா நின்றாள். எங்கள் பள்ளிச் சீருடை, என் அம்மா காலையில் இழுத்துக் கட்டிவிட்ட இரட்டைச் சடை. வராந்தாவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் அவளை நிறுத்தி ஏதோ சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"புதுப் பொண்ணுக்கு வகுப்பைக் காட்டிட்டு வந்து சொல்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.