பஸ் ஸ்டாப் பெஞ்சில் நீ உட்கார்ந்த காலை

கேட் முதல் மார்க்கெட் வரை என் ஜோடியாக நடந்த மல்லிகாவுக்கு,

தமிழில் எழுதுகிறேனே என்று கோபிக்காதே. நம் சட்டப்படி பார்த்தால் இந்தக் கடிதத்துக்கு இரண்டு பையையும் நான்தான் தூக்க வேண்டும். தூக்கிக்கொள்கிறேன், போ.

படிக்கிறவர்களுக்கு நம் சட்டம் தெரியாதே, சொல்லிவிடுகிறேன். மராத்தி ஊரான ஹடப்சரில், ஒரே குடியிருப்பில் நமக்கு அடுத்தடுத்த வீடு. மராத்தியில் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுவோம், ஹிந்தியில் ஆட்டோக்காரரோடு மல்லுக்கு நிற்போம். இங்கிலீஷ் என்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. உன் மகள் நிவேதாவின் பள்ளியில் டீச்சர் என்னவோ சொல்ல, நாம் இருவரும் “எஸ் மேடம், எஸ் மேடம்” என்று தலையாட்டிவிட்டு வந்தோம். அவள் கணக்கில் ஃபெயில் என்று சொல்லியிருக்கிறார். சிரித்த முகமாகத் தலையாட்டியிருக்கிறோம்!

அன்றுதான் நீ சொன்னாய்: “அக்கா, நமக்கு நாமதான் வாத்தியாரு. நாளையிலேர்ந்து கேட்டைத் தாண்டினா மார்க்கெட் வரைக்கும் இங்கிலீஷ்தான். யார் வாயில தமிழ் வருதோ, திரும்பும்போது ரெண்டு பையும் அவங்க தூக்கணும்.”

ஒரு நாளைக்கு ஓர் இடம். திங்கள் பேங்க், செவ்வாய் ஏர்போர்ட், வியாழன் ஆஸ்பத்திரி. நாம் இருவரும் விமானத்தில் ஏறியதே கிடையாது, ஆனால் வாரா வாரம் உன் பெட்டி தொலைந்துபோகும். நான் ஆபீசராக நின்று விசாரிப்பேன். பெட்டியில் எப்போதும் ஒரு பட்டுப்புடவையும் ஊறுகாய் பாட்டிலும்தான். அதை ஏன் இத்தனை வருடத்தில் ஒருநாளும் மாற்றவில்லை நீ? ஆஸ்பத்திரி நாளில் நான் நர்ஸ். நீ வாயைத் திறந்ததும் என் முதல் வசனம் தயார்: “டோன்ட் ஒரி மேடம், ப்ளீஸ் சிட் டவுன்.”

அந்தச் செவ்வாய்க்கிழமை, கேட்டைத் தாண்டியதும் நீயாகவே, “டுடே ஹாஸ்பிடல்” என்றாய். ஏர்போர்ட் நாளாயிற்றே என்று எனக்கு உறைக்கவில்லை. நர்ஸ் ஆனேன்.

“சிஸ்டர், ஐ ஹேவ் கேன்சர். டாக்டர் டோல்ட் மீ யெஸ்டர்டே.”

ஒரு பிழையில்லை, ஒரு தடுமாற்றமில்லை. நான் என் வசனத்தைச் சொன்னேன். நீ பஸ் ஸ்டாப் பெஞ்சில் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டாய். “சூப்பர் ஆக்டிங்!” என்று கை தட்டினேன் மல்லிகா. கை தட்டினேன். நீயும் சிரித்தாய். மார்க்கெட்டில் எப்போதும்போல வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கினோம். திரும்பும்போது, தமிழ் பேசித் தோற்றவர் யாருமில்லை, ஆனாலும் உன் பையை என்னிடம் நீட்டினாய். அப்போதும் நான் ஏனென்று கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து நிவேதா போன் செய்து, “ஆன்ட்டி, அம்மாக்கு நாளைக்கு ஆபரேஷன்” என்றபோதுதான் எனக்கு அந்தப் பெஞ்ச் ஞாபகம் வந்தது. அதன்பின் ஒன்றரை வருடம் உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டர்களிடம் இங்கிலீஷில் மளமளவென்று கேட்டேன். உன்னிடம் கேட்க வேண்டியதை மட்டும் எந்த மொழியிலும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏன் அதை இங்கிலீஷில் சொன்னாய்? தமிழில் சொன்னால் அழுகை வந்துவிடும் என்றா? நான் நடிப்பென்று நினைத்துவிட்டேன் எனத் தெரிந்தும் ஏன் விட்டுவிட்டாய்? என் கைதட்டல் உனக்கு வலித்ததா?

நீ போன பிறகு நானே சோதித்துப் பார்த்தேன். “மல்லிகா செத்துப்போயிட்டா” என்று தமிழில் சொல்ல வாய் எழவில்லை. “மை ஃப்ரெண்ட் எக்ஸ்பயர்ட்” என்று கீழ்வீட்டுக்காரரிடம் கடகடவென்று சொல்லிவிட்டேன். ஏதோ ஆபீஸ் ஃபாரம் நிரப்புவது மாதிரி இருந்தது. அது ஏன் அப்படி? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

இப்போது ஒரு சேதி. ஊரின் மறுகோடி பாணேரில் வேலை பார்க்கும் உன் மகள் சனிக்கிழமை தவறாமல் வருகிறாள். இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, தமிழ்தான் நொண்டுகிறது. “அம்மாகூட மட்டும்தான் தமிழ் பேசுவேன். இப்ப யார்கூட பேசறது? கேட்லேர்ந்து மார்க்கெட் வரைக்கும் தமிழ் ஒன்லி, ஓகே?” என்றாள். அந்த ‘ஒன்லி ஓகே’க்காக அன்றே இரண்டு பையையும் அவள் தலையில் கட்டினேன்.

போன சனிக்கிழமை அந்தப் பெஞ்ச் வந்ததும் என் கால் நின்றுவிட்டது. அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், கை தட்டியதையும் சேர்த்து. அவள் சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“தெரியும் ஆன்ட்டி. அம்மா சொல்லியிருக்காங்க.” ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்தாள். “டாக்டர் வராண்டாவுல... நின்னுட்டே சொன்னாராம். அம்மாக்குக் கால் நடுங்குச்சாம். உட்காருங்கன்னு யாருமே சொல்லல. ‘ஆஸ்பத்திரின்னா அக்கா முதல்ல உட்காரச் சொல்லுவாங்க. அதைக் கேக்கணும்னுதான் அவங்ககிட்ட போய்ச் சொன்னேன்’னாங்க.”

நான் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பைகளைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பஸ் வந்து போனது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் மல்லிகா. உன் மகளின் தமிழை நொண்ட விடமாட்டேன். இனி யார் எந்த மொழியில் என்ன சொன்னாலும் பிழையைப் பிறகு பார்த்துக்கொள்வேன், முதலில் முகத்தைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, உட்காரச் சொல்வேன்.

இரண்டு பையோடும்,
உன் இந்திரா அக்கா