நாத்தனார் பாய்

மார்ச் 4

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பாய்மரப் படகில் இத்தனை வருஷம் கயிறு இழுத்தும் எனக்கு ஒரு பாயின் சரியான பெயரும் தெரியாது. இன்று கண்ணாடி போட்ட ஒரு பயணி நோட்டும் பேனாவுமாக வந்து, "அந்த முன்னாடி முக்கோணத்துக்கு என்ன பேருங்க?" என்று கேட்டார். "நாத்தனார்" என்றேன். பாவம், எழுதிக்கொண்டார்.

பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு மரம், ஐந்து பாய். உயரமான முன்மரத்தில் பெரிய பாய், மாமனார். அவர் அசைந்தால்தான் படகு அசையும். குனியாதவன் மண்டையில் அவருடைய கட்டை இடிக்கும். எல்லாருக்கும் முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பது நாத்தனார். கயிறு கொஞ்சம் தளர்ந்தால் போதும், படபடவென்று அடித்து ஊரைக் கூட்டிவிடுவாள். அவளுக்குப் பின்னால் ஒண்டியிருக்கிற சின்னப் பாய் அவள் புருஷன், எங்கள் அண்ணன். அவள் விட்ட மிச்சக் காற்றுதான் அவருக்கு. பின்னால் குட்டை மரத்தில் என் வீட்டுக்காரர். வேலை செய்கிற மாதிரியே தெரியாது, ஆனால் இறக்கிவிட்டால் படகு நேராகப் போகாது. இரண்டு மரத்துக்கும் நடுவே நல்ல நாளில் மட்டும் விரிகிற மெல்லிசுத் துணி, சம்பந்தி. வானம் கறுத்தால் முதலில் பைக்குள் போய் ஒளிவது அதுதான்.

"அப்ப நீங்க எது?"

"நான் பாய் இல்லைங்க, கயிறு. குடும்பத்தையே இழுத்துக் கட்டுறவ."

படகே சிரித்தது. சுக்கான் பிடித்திருந்த வீட்டுக்காரரும் சிரித்தார். தினமும் கேட்கிறார், தினமும் சிரிக்கிறார்.

மார்ச் 9

அண்ணி வருகிறார். நிஜ நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா.

மாமனார் படகை மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். இதுவரை அண்ணி தன் பாதியைப் பற்றி வாயே திறந்ததில்லை. இப்போது கரையோர விடுதிக்காரர் அதைக் கேட்கிறார். "ஒரு தடவ வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றாராம் அண்ணி. அந்தப் பாதி விடுதிக்காரர் கைக்குப் போனால் அவர் வைத்ததுதான் சட்டம். சொந்தப் படகிலேயே கூலிக்கு நிற்க வேண்டும்.

"அன்னிக்கு ஒருநாள் மட்டும் வாயக் கட்டு" என்றார் வீட்டுக்காரர்.

"எந்தக் கயித்தால?"

சிரிக்கவில்லை.

மார்ச் 10

அண்ணன் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு அண்ணி படகுப் பக்கமே வரவில்லை.

அண்ணனுக்குத் தன் பாயைத் தெரியும். ஒரு நாள் அதன் அடியிலேயே உட்கார்ந்து நான் சொல்வதை எல்லாம் கேட்டார். மிச்சக் காற்று என்ற இடம் வந்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எம் பேருல ஒண்ணாவது உசரத்துல நிக்குதே, விடும்மா" என்றார்.

அவர் போன பிறகு அந்தப் பெயரை மாற்றத்தான் நினைத்தேன். வேறு பெயர் சொன்னால் எங்கள் இருவர் கையும் வேறு கயிற்றுக்குப் போகிறது. நடுக்கடலில் அது வம்பு. அதனால் விட்டுவிட்டேன் — சால்ஜாப்பா? சால்ஜாப்புதான்.

மார்ச் 13

பாய்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண் வைத்து ஒப்பித்துப் பார்த்தோம். மூன்று எது என்பதில் சண்டை.

மார்ச் 15

போயிற்று.

அண்ணி முன்பக்கம் உட்கார்ந்தார். வெள்ளைப் புடவை இல்லை, நல்ல பச்சை. மனதுக்கு நிம்மதியாக இருந்தது. "ஒண்ணை ஏத்து", "ரெண்டை இழுத்துக் கட்டு" என்று வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி செய்தேன். "படகை நல்லாத்தான் வெச்சிருக்கீங்க" என்றார் அண்ணி. அந்த வார்த்தையைக் காதால் கேட்டேன். பொய் இல்லை.

திரும்பும்போது காற்று ஒரேயடியாக அறைந்தது. படகு சாய்ந்தது. பயணிகள் கத்தினார்கள். இவருக்கு எண்ணெல்லாம் பறந்துவிட்டது.

"நாத்தனாரை இறக்கு! சீக்கிரம் இறக்கு அவள!"

ஓடினேன்.

"மாமனாரையும் இறக்கு! அண்ணன் நிக்கட்டும், நான் நிக்கிறேன்!"

நான் கயிற்றை விட்டதும் நாத்தனார் சரசரவென்று இறங்கி, பாதித் துணி அண்ணி மடியிலேயே விழுந்தது. படகு நிமிர்ந்தது. அண்ணி துணியை விலக்கி, தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"நாத்தனாரா? உனக்கு நான் அக்காடா."

அதோடு முடிந்திருக்கும். வாரா வாரம் வருகிற ஓய்வுபெற்ற தபால்காரர் இருந்தாரே! அண்ணி யார் என்று அவருக்குத் தெரியாது. புது ஆளுக்கு விளக்குகிற சந்தோஷத்தில் என்னுடைய கதை முழுவதையும், என்னுடைய கையாட்டலோடு, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். பயந்து வெளுத்திருந்த பயணிகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அந்த அண்ணன் எதுங்க?" என்று அவரிடமே கேட்டார்.

"அதோ, மேல. மிச்சக் காத்துல ஓடுறவரு."

முன்னால் அந்த ஒரு பாய்தான் நின்று இழுத்துக்கொண்டிருந்தது. கரை வருகிறவரை அண்ணி அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். "என்னைச் சொன்ன, சரி. நான் அப்படித்தான். அவர ஏம்மா சொன்ன?"

பதில் இருந்தது. "அண்ணி, அண்ணனே கேட்டுச் சிரிச்சாரு, விடும்மான்னாரு." ஆனால் அதைச் சொன்னால், எங்களோடு உட்கார்ந்து தன் பெண்டாட்டியை நினைத்து அவர் அப்படிச் சிரித்தார் என்றும் சொன்ன மாதிரி ஆகும். அண்ணியிடம் மிச்சம் இருப்பது அந்த மனுஷன் நினைப்பு ஒன்றுதான். வாயைக் கட்டிக்கொண்டேன். ஆயுசில் ஒரு தடவை ஒழுங்காகக் கட்டினேன்.

அப்போது பார்த்து வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்: "எல்லாம் இவ வெச்ச பேரு, அக்கா."

மார்ச் 16

எல்லாம் இவ வெச்ச பேராம். அப்ப இறக்கு இறக்குன்னு கத்தினது யாரு, பக்கத்துப் படகுக்காரனா? இத்தன வருஷம் பல்லக் காட்டினப்ப தெரியலையா யாரு வெச்ச பேருன்னு? பெரிய சுக்கான்காரரு. வேலை செய்ற மாதிரியே தெரியாதுன்னு சொன்னேன் பாரு, அது மட்டும் தப்பே இல்ல.

ஏப்ரல் 2

அண்ணி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஏப்ரல் 20

விடுதிக்காரர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல், திட்டவும் வழியில்லை. பாய்ப் பைகளில் சரியான பெயர்களை நீலப் பெயிண்டால் எழுதச் சொல்லியிருக்கிறார். மாமனார் மெயின். நாத்தனார் ஜிப். அண்ணன் ஸ்டேசெயில். வீட்டுக்காரர் மிஸன். சம்பந்தி மட்டும் மிஸன் ஸ்டேசெயில். பேரிலும் இரண்டு வீட்டையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்து அவர் முன்னால் ஒப்பித்தேன். தலையாட்டிக் கேட்டார். பிறகு, கயிற்று வேலைக்குப் படித்த பெண் ஒருத்தி வருகிறாள், நீங்கள் கரையில் சீட்டு மேசையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சுக்கான் வீட்டுக்காரருக்கே.

"உக்காந்த எடத்துல வேலை, நல்லதுதானே" என்கிறார் இந்த மனுஷன்.

மே 3

அண்ணி இவருக்குப் போன் செய்தார். தம்பி உடம்பைக் கேட்டார், என் மகளைக் கேட்டார், பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டார். நான் பக்கத்திலேயே கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அண்ணி வைத்துவிட்டார்.

மே 17

கரை வரைக்கும் கேட்டது இவர் குரல். "ஜிப்பை இறக்கு!" அந்தப் பெண் பதறாமல் இறக்கினாள். படகில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க என்ன இருக்கிறது.

ஜூன் 6

காலையிலிருந்து பலமான காற்று. பத்து மணி வாக்கில் சீட்டு மேசைக்கு நட்டிருந்த பெரிய குடை பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் போய் விழுந்தது. மூழ்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து காற்றைப் பிடித்துக்கொண்டு, படகுக்குப் பின்னாலேயே போயிற்று. வரிசையில் முதலில் நின்றவர் கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்துவிட்டு, அது என்ன பாய் என்று கேட்டார்.

குடை என்றேன்.