பால்கனிப் பூட்டு

அத்தை,

துர்கா பூஜை வருகிறதென்று பரணை ஒழிக்கப் போய், நேற்று மகளிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். துருப்பிடித்த பெரிய பூட்டைத் தூக்கிக் காட்டி, எதற்கு என்று கேட்டாள். பால்கனிக் கதவுக்கு, திருடன் பயம் என்றேன். "மூணாவது மாடிக்குத் திருடன் பறந்தாப்பா வருவான்?" என்று சிரித்தாள். அவள் பிறந்த மாதம் உங்களிடமும் இதே பொய்யைத்தான் சொன்னேன். பதினெட்டு வருஷத்தில் வேறு பொய் தேறவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற மூளை அவ்வளவுதான்.

பிரசவம் பார்க்க மதுரையிலிருந்து பெஹாலாவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். மாப்பிள்ளையிடம் முகம் பார்த்துப் பேசாதது உங்கள் வீட்டு வழக்கம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, குழந்தையிடம் சொல்வதுபோல எனக்குச் சொல்வீர்கள். "மழைக்காலத்துல உன் துணியை எங்கடி காயப்போடுறது? உங்கப்பாவைப் பால்கனிக் கதவைத் திறக்கச் சொல்லு."

எப்படித் திறப்பேன்? குழந்தையோடு பால்கனிக் கம்பியோரம் நின்றாலே, 'கையை விட்டால்?' என்று ஒரு நினைப்பு வரும். கீழே விழுவதுவரை கண்ணில் ஓடும். எனக்குள் ஒரு ராட்சசன் இருக்கிறான் என்றே முடிவுகட்டி, பூட்டு வாங்கிவந்து, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். ராட்சசனுக்கு அது எட்டாதாம்.

ஒரு மத்தியானம், உங்கள் மகள் அசந்து தூங்க, குழந்தை அழுதது. தூக்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டிலருகே நின்றேன். நீங்கள் முதல்முறையாகச் சமையலறைக் கதவைத் தாண்டி வந்தீர்கள்.

"மாப்பிள்ளை, பிள்ளையைத் தூக்கினா ஏதும் கெட்ட நெனைப்பு வருதா?"

ஆமென்று தலையாட்டினேன்.

"எம் மக பொறந்தப்ப எனக்கு அருவாமணையைப் பாத்தாலே நடுங்கும். ஒரு மாசம் காய் நறுக்கலை. உங்க மாமா தினமும் வெறும் பருப்பைத் தின்னாரு. நெனைப்பு வரும், போகும். கை அது பேச்சைக் கேக்காது."

சாவியை வாங்கிக் கதவைத் திறந்தீர்கள். என்னைப் பால்கனியில் உட்காரவைத்து மடியில் குழந்தையைக் கிடத்தினீர்கள். அடுப்பில் ரசம் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டீர்கள். நினைப்பு வந்தது. கொஞ்சநேரம் இருந்தது, போனது. குழந்தை என் வேட்டியை நனைத்துவிட்டுத் தூங்கினாள். பிறகும் சில வாரம் வந்தது. மாமா தின்ற பருப்பை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

ஹௌராவில் உங்களை ரயிலேற்றியபோது கூஜாவில் தண்ணீர் இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டேன். வாயில் வந்தது அதுதான். போன தை மாதம் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். பூட்டு திரும்பவும் பரணில்தான் இருக்கிறது.

சொல்லாமல் விட்டது ஒன்று, அத்தை. நம் கரி அடுப்பு எரிந்தால் பால்கனிவரை புகை சூழும். ரசம் பொங்குகிறதென்று நீங்கள் உள்ளே போன அன்று புகையே இல்லை. அடுப்பு எரியவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.