புது ஏசியும் அத்தையின் விளக்கும்

வைகாசி 9, வெள்ளி

மாமியார் அறையில் இன்று புது ஏசி மாட்டியாயிற்று. பழையதில் கேஸ் போய்ப் பத்து நாளாகிறது. அந்த கேஸ் போட்ட மெஷின் இப்போது வருவதே இல்லை, உள்ளே மாட்டும் பெட்டி, வெளியே வைக்கும் பெட்டி இரண்டையும் மாற்றியாக வேண்டும் என்றார் பிள்ளையார்பாளையத்து மெக்கானிக். கிளம்பும்போது என்னிடம் மட்டும் சொன்னார்.

"புது கேஸ் லீக் ஆனா கொஞ்சம் தீப்புடிக்கும்மா. சாமி விளக்க ஏசிக்கு நேர் கீழ வெக்காம தள்ளி வெச்சுக்கோங்க, போதும்."

நான் உள்ளே போய், "இனிமே இந்த ரூம்ல விளக்கே ஏத்தக் கூடாதாம் அத்த. கவர்மெண்ட் ரூல்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை அதுவுமா எப்பிடிம்மா?"

பழைய ஏசி வாங்கிய கோடையில் எனக்குப் பிரசவமாகிப் பதினோரு நாள். "பச்ச உடம்புக்கு ஏசி ஆகாது" என்று என்னையும் குழந்தையையும் பின்பக்கத்துத் தகர ஷீட் அறைக்கு அனுப்பிவிட்டு, அத்தை குளிரில் தூங்கினார். குழந்தைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

சாயங்காலம் காபி கொண்டுபோனேன். எண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கின் முன்னால் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் தீப்பெட்டி.

"ஏசிய ஆஃப் பண்ணிட்டேம்மா. எனக்கு அது வேணாம். இப்ப ஏத்தலாமில்ல?"

"ஆஃப் பண்ணாலும் கேஸ் உள்ளதான அத்த இருக்குது" என்றேன்.

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு ரிமோட்டையும் எடுத்துக்கொண்டேன்.

இப்போது இருமுகிறார். இங்கே வரை கேட்கிறது. ரிமோட் என் தலையணைக்கடியில்தான் இருக்கிறது. இருமட்டும். அவருக்கென்ன, பச்ச உடம்பா?